நிறம் வராத ஸ்லைடு

மார்பகப் புற்றுநோய் அறிக்கையின் கடைசிப் பகுதியில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று வரிகள் இருக்கும். நோயாளிகளில் பலர் அந்த வரிகளைப் படிப்பதில்லை. மருந்துச் சீட்டு பிறப்பது அங்கேதான். ஈ.ஆர். என்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. கட்டியின் செல்களில் அந்தப் புரதம் இருந்தால் டமாக்ஸிஃபென் மாத்திரை வேலை செய்யும், இல்லையென்றால் செய்யாது. ஈ.ஆர். உள்ள பெண்கள் ஐந்தாண்டு அந்த மாத்திரையை எடுத்துக்கொண்டால், முதல் 15 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் நேரும் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்பது பல்லாயிரம் பேரின் தரவுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. விலையும் மலிவு. ஆகவே 'ஈ.ஆர். நெகட்டிவ்' என்று ஓர் ஆய்வகம் எழுதும்போது, உயிர் காக்கக்கூடிய ஒரு மருந்தை ஒரு பெண்ணின் கையிலிருந்து எடுத்துவிடுகிறது. திசுவில் ஆன்டிபாடியைக் கொண்டு புரதம் தேடும் இந்தத் தொழிலில் இருந்து எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. நிறம் வந்ததைப் பார்த்து 'இருக்கிறது' என்று எழுதுவதைவிட, நிறம் வராததைப் பார்த்து 'இல்லை' என்று எழுதுவதற்கே அதிகச் சான்று வேண்டும். நடைமுறையில் பல இடங்களில் இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கிறது. பாசிட்டிவ் என்றால் இரண்டு பேர் பார்க்கிறார்கள். நெகட்டிவ் என்றால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

இந்தச் சோதனையில் கண்ணுக்குத் தெரிவது புரதம் அல்ல. 1940களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் ஆல்பர்ட் கூன்ஸும் உடன் பணியாற்றியவர்களும் நிமோனியா கிருமிக்கு எதிரான ஆன்டிபாடியோடு ஒளிரும் மூலக்கூறு ஒன்றைப் பிணைத்தார்கள். ஆன்டிபாடி போய் ஒட்டிய இடம் புறஊதா ஒளியில் ஒளிர்ந்தது. 1966இல் நகானேயும் பியர்ஸும் ஒளிரும் சாயத்தின் இடத்தில் பெராக்ஸிடேஸ் என்ற நொதியை வைத்தார்கள். அதன்பின் சாதாரண நுண்ணோக்கியே போதும் என்றாயிற்று. இன்றும் அடிப்படை அதுதான். மெழுகில் பதித்த திசுவை மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவி ஸ்லைடில் ஏற்றுகிறோம். மெழுகைக் கரைத்து, சூடான கரைசலில் வைத்து எடுத்து, திசுவுக்குச் சொந்தமான பெராக்ஸிடேஸை ஹைட்ரஜன் பெராக்ஸைடால் அடக்குகிறோம். பிறகு முதல் ஆன்டிபாடி, அதைப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடி, அதனோடு சேர்ந்த நொதி. கடைசியில் டி.ஏ.பி. என்ற வேதிப்பொருளை இட்டால் நொதி இருக்கும் இடத்தில் பழுப்பு நிறம் படிகிறது. ஹிமடாக்சிலினின் நீலத்துக்கு நடுவே தெரியும் அந்தப் பழுப்பைத்தான் புரதம் என்று வாசிக்கிறோம். இத்தனை படிகளில் எது தவறினாலும் பெரும்பாலும் விளைவு ஒன்றே: நிறம் குறையும், அல்லது வரவே வராது. தவறு நடந்ததற்கான அடையாளம் எதுவும் ஸ்லைடில் இருக்காது. நீலக் கருக்கள் தெளிவாக, பின்னணி சுத்தமாக, பார்க்க நேர்த்தியான ஸ்லைடாகவே அது இருக்கும். கிணற்றில் விட்ட வாளி வெறுமையாக வந்தால், கயிறு நீர்மட்டம் வரை எட்டியதா என்று பார்க்காமல் கிணறு வற்றிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. பேதாலஜி அறிக்கையில் மட்டும் அப்படிச் சொல்லிவிடுகிறோம்.

கயிறு எட்டாமல் போகும் முதல் இடம் ஆய்வகத்துக்கு வெளியே, அறுவை அரங்கில் இருக்கிறது. ரத்த ஓட்டம் நின்றதுமே திசு தன்னைத் தானே சிதைக்கத் தொடங்கும். அதை நிறுத்துவது ஃபார்மலின். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் அமைப்பும் நோய்க்குறியியல் வல்லுநர்களின் அமைப்பும் சேர்ந்து 2010இல் தந்த வழிகாட்டுதல், திசுவை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் இட வேண்டும், 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் அதில் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் இறங்கும். இறங்கிய பிறகும் புரதங்களைப் பிணைக்க அதற்கு நேரம் வேண்டும். ஊசி பயாப்சி மெல்லிய இழைதானே, இரண்டு மணி நேரம் போதாதா என்ற எண்ணம் பரவலாக உண்டு. 2003இல் வெளிவந்த கோல்ட்ஸ்டைன் குழுவின் ஆய்வு இதைத் தெளிவுபடுத்தியது: திசு சிறிதோ பெரிதோ, ஈ.ஆர். நம்பகமாகத் தெரிய ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வேண்டும். அதற்கு முன்பே எடுத்தால், ஃபார்மலின் முடிக்காத வேலையை அடுத்த கட்டத்தின் ஆல்கஹால் வேறு விதமாக முடிக்கும், புரதத்தை உறையவைத்துவிடும். அகற்றிய மார்பகத்தை அப்படியே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, மூழ்காத அளவு ஃபார்மலின் ஊற்றி, வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். கொழுப்புக்கு அடியில் மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் கட்டியை மறுநாள் காலையிலும் ஃபார்மலின் தொட்டிருக்காது. அந்த மார்பகத்தை முன்பே வெட்டினால் விளிம்பு பார்க்க முடியாமல் போகும் என்று அறுவை மருத்துவர்கள் தயங்குவது நியாயமே. ஆனால் பரப்பில் மை பூசிவிட்டுப் பின்புறத்திலிருந்து கட்டி வரை கீறி, இடையில் துணி வைத்து, திசுவின் கனஅளவைப்போல் பத்து மடங்கு ஃபார்மலினில் இட்டால் விளிம்பும் கெடாது, கட்டியும் கெடாது. இதற்கு ஆகும் செலவு சில நிமிடங்களும் கொஞ்சம் மையும்தான்.

நிறம் வராமல் போவதற்கும் புரதம் இல்லாமல் இருப்பதற்கும் உள்ள தூரத்தை எங்கள் தொழிலின் வரலாறே காட்டியிருக்கிறது. 1983இல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் யோஹானஸ் கெர்டஸ் குழு, பிரிந்து பெருகும் செல்களின் கருவில் மட்டும் ஒட்டும் ஓர் ஆன்டிபாடியைக் கண்டது. ஊரின் முதல் எழுத்துகளும் சோதனைத் தட்டில் இருந்த குழியின் எண்ணும் சேர்ந்து அதற்கு கி-67 என்ற பெயர் வந்தது. உறையவைத்த புதுத் திசுவில் அது வேலை செய்தது. ஃபார்மலினில் இட்டு மெழுகில் பதித்த திசுவில் நிறம் வரவில்லை. உலகெங்கும் மருத்துவமனை அலமாரிகளில் அடுக்கியிருந்த மெழுகுப் பிளாக்குகள் அத்தனையும் அந்த ஆன்டிபாடிக்கு நெகட்டிவ். 1940களில் ஃப்ரேங்கல்-கான்ராட் என்ற வேதியியலாளரும் உடனிருந்தவர்களும் ஃபார்மல்டிஹைடு புரதத்தோடு போடும் பிணைப்புகளில் சில கடும் வெப்பத்தில் அவிழும் என்று எழுதிவைத்திருந்தார்கள். அதை நினைவில் கொண்டு 1991இல் ஷி, கீ, கல்ரா மூவரும் ஸ்லைடுகளைக் கரைசலில் வைத்து மைக்ரோவேவ் அடுப்பில் கொதிக்கவிட்டார்கள். அதுவரை பேசாதிருந்த பல ஆன்டிபாடிகள் பேசின. அடுத்த ஆண்டே எம்.ஐ.பி.-1 என்ற ஆன்டிபாடி, கொதிக்கவைத்த மெழுகுத் திசுவில் கி-67 புரதத்தைக் காட்டியது. திசு பழையதே, புரதமும் அங்கேயே இருந்தது. மாறியது எங்கள் செய்முறை. வீட்டு பிரஷர் குக்கர் ஆய்வகத்துக்குள் வந்து சேர்ந்ததும் இந்த வழியில்தான். ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் அதற்கேற்ற கரைசல் வேண்டும்: சிலவற்றுக்கு பி.எச். 6 கொண்ட சிட்ரேட், பலவற்றுக்கு 9 கொண்ட டிரிஸ்-ஈ.டி.டி.ஏ. நேரம் சில நிமிடம் குறைந்தாலும் அழுத்தம் சரியாக ஏறாவிட்டாலும், 1991க்கு முன்பு இருந்த நிலைக்கே அன்றைய ஸ்லைடுகள் திரும்பிவிடும்.

இதன் விலை என்னவென்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து - லாப்ரடார் மாநிலம் அறியும். 2005இல் ஒரு நோயாளியின் ஈ.ஆர். நெகட்டிவ் முடிவு மறுசோதனையில் பாசிட்டிவ் ஆனது. தொடர்ந்து சிலருடையதும் மாறியது. 1997 முதல் 2005 வரை அங்கே நெகட்டிவ் என்று எழுதப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் டொரான்டோவுக்கு மறுசோதனைக்கு அனுப்பப்பட்டன. அவற்றில் நானூறுக்குச் சற்றுக் குறைவானவை வேறு முடிவைத் தந்தன. முடிவு மாறியவர்களில் நூறுக்கும் மேற்பட்டோர் அதற்குள் இறந்திருந்தார்கள். மாத்திரை கிடைத்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று எவராலும் கணக்கிட முடியாது. அந்தக் குடும்பங்களுக்கு அந்தக் கேள்வி தீரவும் தீராது. நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையிலான விசாரணை ஆணையம் 2009இல் அறிக்கை தந்தது. அதைப் படித்தவர்களுக்கு மனத்தில் நிற்பது, எந்தத் தனி மனிதரும் பெரிய தவறு ஒன்றைச் செய்யவில்லை என்பதே. திசுவைப் பதப்படுத்துவதில் ஒழுங்கு இல்லை, முடிவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் ஸ்லைடுகளை முறையாகப் பார்க்கவில்லை, வெளியிலிருந்து தரம் சோதிப்பவர் இல்லை, சோதனைக்கு ஒட்டுமொத்தமாகப் பொறுப்பேற்கவும் ஆள் இல்லை. ஒவ்வொரு ஸ்லைடும் தனியாகப் பார்த்தால் நெகட்டிவ் போலவே இருந்தது. ஆண்டு முழுவதும் வந்த நெகட்டிவ்களைக் கூட்டிப் பார்த்திருந்தால், அது இருக்க வேண்டியதைவிட எவ்வளவு அதிகம் என்று தெரிந்திருக்கும்.

நம் நாட்டிலும் அந்தக் கூட்டலைச் செய்து பார்த்திருக்கிறார்கள். மும்பையிலிருந்து 2000இல் வெளிவந்த ஆய்வு ஒன்று 798 மார்பகக் கட்டிகளை எடுத்துக்கொண்டது. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் ஈ.ஆர். பாசிட்டிவ். மேலை நாடுகளில் இது நான்கில் மூன்றை ஒட்டி இருக்கும். இந்தியப் பெண்களுக்கு இளம் வயதிலேயே நோய் வருகிறது, கட்டிகளும் வீரியமானவை, ஆகவே ஏற்பி குறைவு என்ற விளக்கம் நீண்ட காலம் ஏற்கப்பட்டது. அதில் உண்மை உண்டு. வயதும் கட்டியின் தரமும் ஈ.ஆர். விகிதத்தை நிச்சயம் மாற்றும். ஆனால் அதே ஆய்வில் பி.ஆர். பாசிட்டிவ் பாதியை நெருங்கியது. புரோஜெஸ்டிரோன் ஏற்பியான பி.ஆர்., பெரும்பாலும் ஈ.ஆர். செயல்படுவதால் உருவாகும் புரதம். ஈ.ஆர். இல்லாத கட்டியில் பி.ஆர். மட்டும் தெரிவது அரிது. நன்றாக நடக்கும் ஆய்வகங்களில் நூற்றுக்குச் சிலவே அப்படி வரும். விளைவு நிறையக் கட்டிகளில் தெரிந்து, அதை உண்டாக்கிய காரணம் தெரியாவிட்டால், காரணம் அங்கே இருந்தும் நம் கண்ணில் படவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். அந்த ஆய்வைச் செய்தவர்கள் தங்கள் எண்களை மறைக்காமல் வெளியிட்டதால்தான் இந்த வாதமே சாத்தியமாகிறது. அதற்குப் பின் இந்திய ஆய்வகங்கள் ஃபார்மலின் நேரத்தைக் கவனிக்கத் தொடங்கியதும் ஈ.ஆர். விகிதம் உயர்ந்தது. இந்தியப் பெண்ணின் உடல் இந்த இருபது ஆண்டுகளில் அப்படி மாறிவிடவில்லை.

'ஒவ்வொரு தொகுப்போடும் கன்ட்ரோல் ஓட்டுகிறோமே, அது போதாதா?' என்று கேட்பார்கள். ஓட்டுவது உண்மை; ஓட்டும் திசு எது என்பதில்தான் சிக்கல். பலர் கன்ட்ரோலுக்கு நன்றாகப் பழுப்பேறும் கட்டி ஒன்றை எடுத்து வைத்திருப்பார்கள். சோதனையின் திறன் பாதியாகக் குறைந்தாலும் அந்தக் கட்டி பழுப்பாகவே இருக்கும். மங்கலாக ஏற்பி உள்ள நோயாளியின் கட்டிதான் நெகட்டிவ் ஆகும். அதனால்தான் டென்மார்க்கிலிருந்து நடக்கும் நார்டிக்.யூ.சி. போன்ற தரச் சோதனை அமைப்புகள் ஈ.ஆர். கன்ட்ரோலுக்குக் கருப்பை வாயோடு டான்சிலையும் வைக்கச் சொல்கின்றன. டான்சிலில் சிதறிய சில செல்களில் மட்டும் ஏற்பி இருக்கும், அதுவும் குறைவாக. அந்தச் சில செல்கள் தெரிந்தால் சோதனை எட்ட வேண்டிய ஆழத்தை எட்டியது என்று பொருள். அதே அமைப்புக்கு ஆய்வகங்கள் அனுப்பும் ஸ்லைடுகளில், பொதுப் பிரிவில் ஏறக்குறைய 30 சதவீதமும் மார்பகப் பிரிவில் ஏறக்குறைய 20 சதவீதமும் போதாதவை என்று மதிப்பிடப்பட்டிருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் குறை நிறம் குறைந்ததுதான். இவை தாமாக முன்வந்து சோதனைக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கும் ஆய்வகங்கள் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

அதையும் தாண்டி ஒரு குறை இருக்கிறது. கன்ட்ரோல் திசு ஆய்வகத்தில் நல்லபடியாக ஃபார்மலின் கண்ட திசு. நோயாளியின் திசுவுக்கு அறுவை அரங்கிலும் பேருந்திலும் என்ன நேர்ந்தது என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்லக்கூடிய சாட்சி அந்த ஸ்லைடிலேயே இருக்கிறது. கட்டிக்குப் பக்கத்தில் பெரும்பாலும் புற்று தொடாத பால்நாளங்கள் ஒன்றிரண்டு இருக்கும். அவற்றின் செல்களில் சிலவற்றில் ஈ.ஆர். இயல்பாகவே உண்டு. கட்டி பட்ட பாடெல்லாம் அந்த நாளமும் பட்டிருக்கும். அதே ஃபார்மலின், அதே கொதி, அதே ஆன்டிபாடி. நாளம் பழுப்பேறி, கட்டி நீலமாக நின்றால் 'ஈ.ஆர். நெகட்டிவ்' என்று எழுத நமக்கு உரிமை கிடைக்கிறது. நாளமும் நீலமாக இருந்தால், நம்மிடம் முடிவு இல்லை. வழிகாட்டுதலும் அதை நெகட்டிவ் என்று எழுதக் கூடாது, மதிப்பிட இயலாதது என்று எழுது என்றே சொல்கிறது. இந்தச் சாட்சியைத் தேடாமல் கட்டியை மட்டும் பார்த்து முடிவு எழுதுவது எங்கள் துறையில் இன்னும் மறையவில்லை என்பது எனக்கு உண்மையில் வருத்தம் தருகிறது.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. ஆன்டிபாடி தேடிய புரதத்தை விட்டுவிட்டு வேறு எதையோ பிடித்துப் பொய்யாகப் பழுப்பேறுவது அல்லவா பெரிய ஆபத்து என்பது. ஆராய்ச்சி உலகில் அது மறுக்க முடியாத ஆபத்து. ஈஸ்ட்ரோஜனுக்கு பீட்டா வகை ஏற்பி ஒன்றும் உண்டு. அதைத் தேடப் பயன்பட்ட 13 ஆன்டிபாடிகளை ஸ்வீடனைச் சேர்ந்த ஒரு குழு சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டது. குறி தப்பாமல் பிடித்தது ஒன்றே ஒன்று. மற்றவற்றை நம்பி எழுதிய கட்டுரைகளின் நிலையை நினைத்தாலே மனம் கனக்கிறது. மருத்துவமனையிலும் இது நடக்கும். நுரையீரல் கட்டியை அடையாளம் காட்டும் டி.டி.எஃப்.-1 ஆன்டிபாடிகளில் ஒன்று கல்லீரல் செல்களின் சைட்டோபிளாசத்தில் உள்ள வேறொரு நொதியையும் பிடிக்கிறது. நிறம் கருவில் விழுந்ததா வெளியே விழுந்ததா என்று பார்க்காதவர் ஏமாறுவார். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை வீழ்த்துவதில்லை, நிறைவு செய்கிறது. நிறம் கட்டாயம் வர வேண்டிய திசு ஒன்றும், கட்டாயம் வரக் கூடாத திசு ஒன்றும் அருகருகே இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் பழுப்புக்கும் பொருள் இல்லை, நீலத்துக்கும் இல்லை. இதற்கு நல்ல சான்று ஹெப்-பார்-1. கல்லீரல் செல்லை அடையாளம் காட்டும் அந்த ஆன்டிபாடி 1993 முதல் பயன்பாட்டில் இருந்தது. அது பிடிக்கும் புரதம் கார்பமாயில் பாஸ்பேட் சிந்தட்டேஸ் என்று உறுதியானது 2008இல்தான். இடைப்பட்ட காலத்தில் அது பயனுள்ளதாகவே இருந்தது. எந்தத் திசுக்களில் வரும், எவற்றில் வராது என்பதை நூற்றுக்கணக்கான திசுக்களில் பொறுமையாகப் பார்த்துக் குறித்துவைத்திருந்தார்கள். குறியின் பெயர் தெரியாத குறையை அந்தக் குறிப்புகள் ஈடுசெய்தன.

தானியங்கிக் கருவிகள் இந்தக் கவலையைத் தீர்த்துவிடும் என்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. கருவி ஒரே மாதிரி சொட்டு விடும், ஒரே மாதிரி சூடேற்றும். ஃபார்மலினில் திசு எத்தனை மணி நேரம் கிடந்தது என்பதை அது அறியாது. நியூஃபவுண்ட்லாந்திலும் இடையில் புதுக் கருவி வந்தது. ஆர்.என்.ஏ. சோதனைகள் வந்துவிட்டனவே என்றால், அவை பெரும்பாலும் திசுவை அரைத்துக் கரைத்து அளக்கின்றன. கட்டியின் செல்லில் இருந்ததா பக்கத்து நாளத்தில் இருந்ததா என்பது அந்தக் கரைசலில் தொலைந்துவிடும். அவற்றின் விலையை நம் நோயாளிகளில் எத்தனை பேர் தர முடியும் என்பதும் இருக்கிறது. செலவு பற்றிய மறுப்பைத்தான் நான் மதிக்கிறேன். ஒவ்வொரு ஸ்லைடிலும் கன்ட்ரோல் திசு ஏற்றினால் பிளாக்கு தேயும், தொழில்நுட்பரின் நேரம் போகும், சிறிய ஆய்வகம் தாங்காது என்பார்கள். டான்சிலும் அப்பெண்டிக்ஸும் அகற்றாத மருத்துவமனை நம் மாவட்டங்களில் அரிது. அந்தத் திசுக்களை ஒழுங்காக ஃபார்மலினில் இட்டு, சிறு துண்டுகளாக ஒரே பிளாக்கில் பதித்தால் பல மாதங்களுக்குப் போதும். தவறான நெகட்டிவ் ஒன்றால் தேவையில்லாமல் கீமோதெரபிக்குப் போகும் ஒரு குடும்பத்தின் செலவை அதோடு ஒப்பிட்டால் இந்த வாதம் நிற்காது.

இப்போது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகியிருக்கிறது. ஹெர்-2 என்ற ஏற்பிக்கான சோதனை 1998இல் டிராஸ்டுசுமாப் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, செல் பரப்பில் ஏறக்குறைய 20,000 ஏற்பிகள் உள்ள இயல்பான செல்லையும் அது 20 லட்சம் வரை பெருகிய செல்லையும் பிரித்துக் காட்ட அமைந்தது. நிறத்தின் மதிப்பெண் பூஜ்யமா 1+ஆ என்பது அன்று சிகிச்சையை மாற்றவில்லை, இரண்டும் நெகட்டிவ்தான். 2022இல் வெளிவந்த டெஸ்டினி-பிரெஸ்ட்04 ஆய்வு, பரவிய நோயில் ஹெர்-2 குறைவாக உள்ளவர்களுக்கும் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகான் வாழ்நாளைக் கூட்டுகிறது என்று காட்டியதும், அந்த மங்கலான 1+க்கு மருந்தின் மதிப்பு வந்துவிட்டது. பெரிய வித்தியாசத்தைப் பார்க்கச் செய்த சோதனையிடம் மிகச் சிறிய வித்தியாசத்தைக் கேட்கிறோம். கொஞ்சம் குறைவாக ஃபார்மலின் கண்ட திசுவும், வெட்டி வைத்துப் பல வாரம் கழித்து நிறமேற்றிய ஸ்லைடும் இங்கே 1+ஐப் பூஜ்யமாக்கிவிடும். ஈ.ஆர். பற்றிய 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், நிறம் 10 சதவீதமோ அதற்குக் குறைவோ என்றால் கன்ட்ரோல்கள் எப்படி இருந்தன என்பதையும் அறிக்கையில் எழுதச் சொல்கிறது. ஹெர்-2 பூஜ்யத்துக்கும் அதையே நாம் நமக்கு விதித்துக்கொள்ளலாம். விண்ணப்பப் படிவத்தில் திசு எடுத்த நேரம், ஃபார்மலினில் இட்ட நேரம் என்ற இரண்டு கட்டங்கள் காலியாக வந்தால் அறுவை அரங்கைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டு நிரப்ப வேண்டும். லோபுலர், டியூபுலர், மியூசினஸ் வகைக் கட்டிகளில் ஈ.ஆர். ஏறக்குறைய எப்போதும் இருக்கும். அங்கே நெகட்டிவ் வந்தால் கையெழுத்துக்கு முன் வேறு பிளாக்கில் மீண்டும் ஓட்ட வேண்டும். ஸ்லைடில் இயல்பான நாளமே அகப்படாவிட்டால் அதையும் அறிக்கையில் ஒரு வரியாக எழுதி, அறுவைக்குப் பிறகு வரும் பெரிய திசுவில் சோதனையைத் திரும்பச் செய்யும்படி மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.